அச்சு மேசையில் ஏறும் முகங்கள்

திருப்பூரில் எந்த பிரிண்டிங் பட்டறைக்குள் நுழைந்தாலும் நீண்ட மேசைகளில் பனியன் துணித் துண்டுகள் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். ஸ்கிரீனைத் துண்டின் மேல் வைத்து, சாயத்தை ஊற்றி, ரப்பர் கட்டையால் இழுத்து, அடுத்த துண்டுக்கு நகர்ந்துகொண்டே இருப்பார்கள். அந்த மேசையில் ஏறாத உருவம் இல்லை. பூ, புலி, கார்ட்டூன், ஆங்கில வாசகம், விளையாட்டு அணியின் சின்னம் என்று எல்லாம் வரும். அவற்றுக்கு நடுவே இறகுக் கிரீடம் வைத்த அமெரிக்கப் பூர்வகுடித் தலைவரின் முகமும், முகமூடியும் ஈட்டியுமாக நிற்கும் ஆப்பிரிக்க உருவமும், எந்த மக்களுடையது என்ற குறிப்பே இல்லாமல் ‘ட்ரைபல் பிரிண்ட்’ என்று மட்டும் பெயரிட்ட கோலங்களும் வந்து போகும்.

பையருக்கு, அதாவது ஆர்டர் தரும் நிறுவனத்துக்கு அனுப்பும் மாதிரி அச்சை இங்கே ஸ்ட்ரைக்-ஆஃப் என்பார்கள். அதை எத்தனை விதமாகச் சோதிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நிறம் பையர் தந்த நிறத்தோடு ஒத்துப்போகிறதா, துவைத்தால் சாயம் போகிறதா, கழுத்துப் பட்டியிலிருந்து படம் எத்தனை சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது, சாயத்தில் ஈயம் உண்டா, தடைசெய்த ரசாயனம் உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். கம்பெனிக்குள் தணிக்கைக்கு வருபவர்கள் கூலிப் பதிவேட்டையும் தீயணைப்புக் கருவியையும் கழிவறை எண்ணிக்கையையும் பார்ப்பார்கள். படத்தில் இருப்பவர் யார், அவரை இப்படி வரைய யார் சம்மதித்தார்கள் என்ற கேள்விக்கு மட்டும் எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. 2024-25 நிதியாண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் இது. உலகத்தின் மார்பில் என்ன படம் இருக்கிறது என்பதில் இந்த ஊருக்குப் பங்கு உண்டு.

பழங்குடி மக்களை இழிவாகச் சித்திரிப்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அது மனம் புண்படுகிற விவகாரம் என்ற அளவில் முடிந்துவிடுகிறது. ஒருவர் வருந்துவார், இன்னொருவர் மன்னிப்புக் கேட்பார், படம் நீக்கப்படும். ஆனால் இந்தச் சித்திரங்கள் சும்மா இருப்பதில்லை என்பதே என் வாதம். அவை யாருக்காகவோ உழைக்கின்றன. காட்டைப் பறிப்பவருக்கும், வழக்கை ஜோடிப்பவருக்கும், கூலியைக் குறைப்பவருக்கும், சாலை போடாமல் தட்டிக்கழிப்பவருக்கும் அவை கருவியாகின்றன. நல்லவர்கள் போலப் புகழ்ந்து வரையும் சித்திரமும் இதே வேலையைச் செய்வதுண்டு.

அமெரிக்காவில் இந்த வழக்கு நீண்டகாலமாக நடக்கிறது. கிளீவ்லாண்ட் பேஸ்பால் அணி, பல்லை இளித்த சிவப்பு முகத்தைச் சின்னமாக வைத்திருந்தது. 2019 முதல் சீருடையிலிருந்து அதை எடுத்தது. 2022 சீசனில் அணியின் பெயரே மாறியது. வாஷிங்டன் கால்பந்து அணி, பூர்வகுடிகளின் தோல் நிறத்தைக் கேலி செய்யும் தன் பழைய பெயரை 2020 ஜூலையில் கைவிட்டது. அந்த மக்கள் பல பத்தாண்டுகள் கேட்டும் நடக்காத மாற்றம், விளம்பரதாரர்கள் பணத்தை நிறுத்துவோம் என்றதும் சில நாட்களில் நடந்தது. இதையெல்லாம் பெரிதுபடுத்துவானேன் என்று கேட்பவர்களுக்கு ஸ்டெஃபனி ஃப்ரைபர்க் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் பதில் இருக்கிறது. பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு அணிச் சின்னங்களையும் பூர்வகுடிப் பெண் போகாஹான்டஸின் கார்ட்டூன் உருவத்தையும் காட்டியபோது, அவர்களுடைய தன்மதிப்பும் தங்கள் சமூகத்தின் மீதான மதிப்பும் குறைந்தன. அழகாக வரைந்த போகாஹான்டஸும் அதையே செய்தது என்பது கவனிக்க வேண்டிய செய்தி. அமெரிக்க உளவியல் சங்கம் 2005ஆம் ஆண்டிலேயே இத்தகைய சின்னங்களைக் கைவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது.

துணிக்கும் இந்த வழக்குக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நவாஹோ மக்களின் பெயரைத் தன் ஆடைகளுக்குச் சூட்டி விற்ற அர்பன் அவுட்ஃபிட்டர்ஸ் நிறுவனத்தின் மீது நவாஹோ தேசம் 2012இல் வழக்குத் தொடுத்தது. 2016இல் அது உடன்பாட்டில் முடிந்தது. மெக்சிகோவின் பூர்வகுடிப் பெண்கள் தலைமுறைகளாகத் தைத்துவந்த எம்பிராய்டரி வடிவங்களை எடுத்தாண்டதற்காகக் கரோலினா ஹெரெரா நிறுவனத்திடம் அந்நாட்டுப் பண்பாட்டு அமைச்சகம் 2019இல் விளக்கம் கேட்டது. 2021இல் ஸாரா உள்ளிட்ட நிறுவனங்களுக்கும் கடிதம் போனது. 2022 ஜனவரியில் பூர்வகுடிகளின் பண்பாட்டு உடைமையைக் காக்கத் தனிச் சட்டமே வந்தது. இந்த நிறுவனங்களின் பெயர்களைத் திருப்பூரில் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, நம் பேச்சில் தினமும் அடிபடும் பெயர்கள்தான்.

சித்திரத்தின் வேர் கேமராவில் இருக்கிறது. எட்வர்ட் கர்ட்டிஸ் என்ற அமெரிக்கர் பூர்வகுடிகளை ஆயிரக்கணக்கில் படமெடுத்தவர். 1910இல் பீகன் என்ற பூர்வகுடியினரின் குடிலுக்குள் எடுத்த படத்தில் இரண்டு ஆண்களுக்கு நடுவே ஒரு கடிகாரம் இருந்தது. அச்சிடும்போது அதை அழித்துவிட்டார். கடிகாரம் வைத்திருக்கும் பூர்வகுடி அவர் விற்க நினைத்த படத்துக்குப் பொருந்தவில்லை.

அதே காலத்தில் நம் பக்கத்தில் எட்கர் தர்ஸ்டன் இருந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். ஆனைமலைக் காடர்கள் உட்படத் தென்னிந்தியச் சமூகங்களின் தலையையும் மூக்கையும் உயரத்தையும் கருவி வைத்து அளந்தார். மூக்கு எவ்வளவு அகலமோ அந்த அளவுக்கு அம்மனிதர் கீழானவர் என்று நம்பிய காலம் அது. 1909இல் ரங்காச்சாரியின் துணையோடு அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகள் இன்றும் நம் ஆய்வேடுகளில் மேற்கோளாகின்றன. காடர்கள் பல்லைக் கூராக்கிக்கொள்வதும், மூங்கில் முளையடித்துப் பெருமரம் ஏறுவதும், பெண்கள் மூங்கில் சீப்பைக் கூந்தலில் செருகுவதும் அதில் பதிவாகியுள்ளன. அவை பொய்யல்ல. ஆனால் அந்தப் பக்கங்களில் காடர் பேசுவதில்லை. எந்த மரத்தில் எந்தத் தேன் எப்போது கிடைக்கும் என்ற அவர்களுடைய கணக்கும், தேக்கு வெட்ட வந்தவர்கள் மீது அவர்களுக்கு இருந்த மனக்குறையும் அளவுகோலுக்குள் வரவில்லை. உடலை மட்டும் எழுதி வாயை விட்டுவிடும் இந்தப் பழக்கம் நம் பத்திரிகைகளிலும் யூடியூபிலும் இன்றுவரை தொடர்கிறது.

அளவெடுத்ததும் பட்டியலிட்டதும் நூலகத்தோடு நிற்கவில்லை. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. பிறந்த குழந்தைக்கே குற்றவாளி என்று பெயர். ரேகை கொடுக்க வேண்டும், ஊரைவிட்டுப் போக அனுமதி வாங்க வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் படுக்க வேண்டும். 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் நீக்கப்பட்டது. அந்தச் சித்திரம் காவல் நிலையத்தைவிட்டு நீங்கவில்லை. சிறைக் கையேடுகளில் நாடோடிச் சமூகங்களையும் சீர்மரபினரையும் பிறவிக் குற்றவாளிகளாகக் காட்டும் விதிகளை உச்ச நீதிமன்றம் செல்லாதென்று அறிவித்தது 2024 அக்டோபரில்தான்.

இந்தச் சித்திரம் என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டில் வாச்சாத்தியைவிடப் பெரிய சான்று இல்லை. தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் மலையாளிப் பழங்குடிகள் வாழும் ஊர் அது. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தன மரக் கடத்தலைத் தேடுகிறோம் என்று ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை உடைத்தார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள், பதினெட்டுப் பெண்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள். சந்தன மரத்தை விற்றுக் கொழுத்தவர்கள் நகரங்களில் இருந்தார்கள். காட்டில் இருப்பவன் கடத்தல்காரன் என்ற முன்முடிவு அந்த ஊரின் மேல் இறங்கியது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பர் 29 அன்று, உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீடுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2023 செப்டம்பர் 29 அன்று. நடுவில் ஓடியவை முப்பத்தோரு ஆண்டுகள். அந்தப் பெண்கள் பொய் சொல்கிறார்கள் என்று அதிகாரிகள் சொன்னதைச் சமவெளி எவ்வளவு சுலபமாக நம்பியது என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

திருப்பூருக்கு இன்னும் அருகில் அட்டப்பாடி இருக்கிறது. கோவைக்கு மேற்கே மலையேறினால் வந்துவிடும். 2018 பிப்ரவரி 22 அன்று, மனநலம் குன்றிக் காட்டில் தனியே திரிந்த மது என்ற பழங்குடி இளைஞரை, அரிசி திருடினார் என்று சொல்லி ஒரு கூட்டம் பிடித்தது. கையைக் கட்டி, அடித்து, நடத்தி அழைத்து வந்தது. வழியில் அவரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். போலீஸ் வண்டியில் ஏற்றிய பிறகு அவர் உயிர் போயிற்று. 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் பதினான்கு பேரைக் குற்றவாளிகள் என்றது, பதின்மூன்று பேருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் தண்டனை விதித்தது. கட்டப்பட்ட கையோடு ஒரு மனிதர் நிற்க, பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொள்ளத் தோன்றியதே, அந்த எண்ணம் ஒரே நாளில் வந்ததல்ல. வேட்டையாடிய விலங்கின் மேல் கால் வைத்து எடுத்த படங்களிலிருந்து வந்தது அது.

அதே அட்டப்பாடியின் இருளர் பாடகி நஞ்சியம்மா, ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் பாடியதற்காக 2022இல் தேசிய விருது பெற்றார். முறையாகச் சங்கீதம் பயின்றவர்களை விட்டு இவருக்கு ஏன் என்ற எதிர்ப்பு உடனே எழுந்தது. ஆடு மேய்த்துக்கொண்டே தன் மக்களின் பாட்டை வாழ்நாள் முழுதும் சுமந்தவருக்குக் கலை என்று ஒன்று இருப்பதையே பலரால் ஏற்க முடியவில்லை.

கொங்கு நாட்டவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நாம் குன்றுதோறும் முருகனைக் கும்பிடுகிறவர்கள். பழனியும் மருதமலையும் சிவன்மலையும் நம் வழித்தடங்கள். குறவர் வளர்த்த மகளான வள்ளியின் கதையைச் சொல்லும் வள்ளி கும்மி இப்போது ஊருக்கு ஊர் ஆடப்படுகிறது. அதைக் கற்றுக்கொடுத்த கோவை பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தினைப்புனம், பரண், கவண் கல் எல்லாம் பாட்டில் வரும். இதே மண்ணில்தான் கோயில் திருவிழா மேடைகளில் குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரில் ஆபாசம் பல ஆண்டுகள் ஓடியது. எங்கள் சமூகத்தில் யாரும் இப்படி ஆடுவதில்லை, எங்கள் பெயரை வைத்து யாரோ ஆடுகிறார்கள் என்று குறவர் அமைப்புகள் மனு மேல் மனு கொடுத்தன. பள்ளிக்கூடத்தில் தங்கள் பெண் பிள்ளைகளைக் கேலி செய்கிறார்கள் என்றார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்ட பிறகு 2023 மார்ச்சில் தமிழ்நாடு அரசு அந்த ஆட்டத்தைத் தடை செய்தது. கதைக்குள் இருக்கும் குறத்தியைத் தெய்வமாக வணங்கவும், தெருவில் நடக்கும் குறத்தியை மேடையில் இழிவுபடுத்தவும் ஒரே ஊரால் முடிந்திருக்கிறது.

அதே மார்ச் 30 அன்று சென்னையில் ஒரு திரையரங்கில், கையில் டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை உள்ளே விட மறுத்த வீடியோ பரவியது. படத்துக்கு யு/ஏ சான்றிதழ், பிள்ளைகளை அனுமதிக்க முடியாது என்று அரங்கம் விளக்கம் சொன்னது. பார்த்தவர் யாரும் நம்பவில்லை. நரிக்குறவர்களையும் குருவிக்காரர்களையும் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறி அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன. சட்டம் ஏற்றுக்கொண்டவர்களை வாசற்படி ஏற்கவில்லை. திருப்பூர் பேருந்து நிலையத்தில் ஊசியும் பாசிமணியும் விற்கும் பெண்கள் இதை அன்றாடம் அனுபவிக்கிறார்கள்.

திரைப்படம் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். சுருக்கமாகச் சொன்னால், தமிழ்ப் படத்தில் மலைவாசி நெடுங்காலம் பாட்டுக்கு மட்டும் வந்தார். இலைப்பாவாடை, முகத்தில் சுண்ணாம்புப் புள்ளி, கையில் ஈட்டி, மொழியே அல்லாத சத்தம். 2017இல் வந்த ‘வனமகன்’ அந்தமான் பழங்குடி இளைஞனைச் சென்னைக்குக் கொண்டுவந்து குழந்தைபோல் வியக்க வைத்தது. நல்லெண்ணத்தோடு எடுத்ததுதான். ஆனால் அதே அந்தமானில், ஜாரவா பெண்களை உணவுக்காக ஆடச் சொன்ன வீடியோ 2012இல் வெளிவந்து உலகம் அதிர்ந்தது. அப்பாவிக் காட்டுக் குழந்தையாக ஒருவரைப் பார்க்கிற கண்தான் அவரை ஆடச் சொல்லவும் துணிகிறது. இதற்கு மாறாக ஜனநாதனின் ‘பேராண்மை’ 2009இல் படித்த பழங்குடி அதிகாரியை நாயகனாக்கி, அவர் மேலதிகாரியிடம் வாங்கும் வசவைக் கூசாமல் காட்டியது. ‘ஜெய்பீம்’ 2021இல் காவல் நிலையக் கொடுமையை ஊரறியச் செய்தது. ஆனால் அப்படத்துக்கு மூலமான 1993 சம்பவத்தில் உண்மையில் கொல்லப்பட்டவர் குறவர் சமூகத்தவர், படத்தில் அவர் இருளராகிவிட்டார். நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஒரு சமூகத்தின் துயரை இன்னொன்றின் பெயரில் எழுதினால் அதன் வரலாற்றிலிருந்து ஒரு பக்கம் போய்விடுகிறது என்றே எனக்குப் படுகிறது.

இனி திருப்பூரின் விடுதிகளுக்கு வருவோம். இங்கே பழங்குடி என்ற பேச்சே எழுவதில்லை. எல்லோருக்கும் ஒரே பெயர், ‘வடக்கன்’, கொஞ்சம் மரியாதையாகச் சொன்னால் ‘ஹிந்திக்காரர்’. அவிநாசி ரோட்டிலும் பல்லடம் ரோட்டிலும் ஷிஃப்ட் விட்டு வரும் கூட்டத்தில் ஜார்க்கண்டின் சந்தால், முண்டா, ஹோ, ஒராவோன் பிள்ளைகளும், ஒடிசாவின் கந்தர்களும், அசாம் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். 2014இல் தொடங்கிய மத்திய அரசின் தீனதயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் பயிற்சித் திட்டத்தின் வழியே, ஒடிசா, ஜார்க்கண்ட் பழங்குடி மாவட்டங்களின் இளம்பெண்கள் தையல் மெஷினில் பயிற்சி பெற்று நேராக இங்குள்ள விடுதிகளுக்கு வந்தார்கள்.

இவர்களில் ஒராவோன்களின் குடுக் மொழியும் கந்தர்களின் குயி மொழியும் திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இளைய தலைமுறையில் பலர் சாத்ரியோ ஒடியாவோதான் பேசுகிறார்கள் என்றாலும், வீட்டில் பாட்டி பேசும் மொழி நம் மொழிக்கு உறவு. மொழிப்போர் நடத்திய மாநிலத்தில் அவர்களை ஹிந்திக்காரர்களாக்கிவிட்டோம். சந்தாலி மொழிக்கு ரகுநாத் முர்மு 1925இல் ஒல் சிகி என்ற தனி எழுத்தையே உருவாக்கினார். 2003இல் சந்தாலி மொழி, தமிழ் ஏற்கெனவே இருந்த அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்றது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணியின் தலைவர் ஜெய்பால் சிங் ஒரு முண்டா. பின்னர் அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசிகளுக்காக உரக்கப் பேசியவர் அவர். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் பின்னால் இத்தனை இருப்பது அந்த லைனின் சூப்பர்வைசருக்குத் தெரிய வழியில்லை. அவருக்குத் தெரிந்தது வேறு. “அந்தப் பிள்ளைங்க எதிர்த்துப் பேசாதுங்க, சொன்ன வேலையைச் செய்யுங்க, ஊருக்கு அடிக்கடி போக மாட்டாங்க” என்பார். இது பாராட்டாகவே சொல்லப்படுகிறது.

இந்தப் பாராட்டுதான் எனக்கு வசவைவிட அதிகம் கவலை தருகிறது. அப்பாவி, சூதுவாது அறியாதவர், கடுமையாக உழைப்பவர், கொஞ்சத்தில் திருப்தி அடைபவர் என்ற சித்திரம் ஆட்களை எடுக்கும் ஏஜென்டுக்கு விளம்பரமாகிறது. கொஞ்சத்தில் திருப்தி அடைகிறவருக்குக் கொஞ்சம் கொடுத்தால் போதும். எதிர்த்துப் பேசாதவருக்கு ஓவர்டைம் கணக்கை விளக்கத் தேவையில்லை. வெளியுலகம் தெரியாதவரை விடுதிக்குள்ளேயே பூட்டி வைப்பது பாதுகாப்பு என்று பெயர் பெறுகிறது. மொழி தெரியாமல், ஊர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்க, முன்பணம் கழியாமல் இருக்கும் எவரும் வாய் திறக்க மாட்டார். அது இனத்தின் சுபாவமல்ல, நிலைமை. அசாம் தேயிலைத் தோட்டத்து ஆதிவாசிகளின் நிலைமை இன்னும் சிக்கலானது. ஜார்க்கண்டில் பழங்குடிப் பட்டியலில் இருக்கும் அதே சந்தாலும் முண்டாவும் அசாமில் அப்பட்டியலில் இல்லை. வீடு வாடகைக்குத் தேடும்போது மட்டும் இவர்கள் யார் என்ற சந்தேகமே யாருக்கும் வருவதில்லை, கறுப்பான வடக்கன், வீடு கிடையாது.

2023 ஜனவரி இறுதியில் திருப்பூர் கம்பெனி ஒன்றின் வாசலில் நடந்த கைகலப்பு வீடியோ பரவி, வடவர்கள் தமிழர்களை அடிக்கிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. மார்ச்சில் அதன் மறுபக்கமாக, தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் வட இந்தியாவெங்கும் ஓடின. பிகார் அரசின் குழு இங்கே வந்து விசாரித்தது. கம்பெனி முதலாளிகள் ரயில் நிலையத்தில் நின்று போகாதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. இரண்டு பொய்களிலும் மனிதர்கள் கூட்டமாக மட்டுமே இருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் இருந்த பழங்குடிப் பெண்களின் பயம் எந்தச் செய்தியிலும் வரவில்லை.

தெற்கே போனால் சொந்த மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் பழங்குடிகளை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பது தெரியும். 2009இல் திருப்பூர் மாவட்டம் பிறந்தபோது உடுமலையும் ஆனைமலையின் கிழக்குச் சரிவும் இதனோடு வந்தன. குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு, தளிஞ்சி, கோடந்தூர், ஈசல்திட்டு, ஆட்டுமலை, கருமுட்டி என்று மலைக்குடியிருப்புகள் உண்டு. முதுவர், புலையர், மலசர் உள்ளிட்டோர் வாழ்கிறார்கள். ராகியும் சாமையும் மொச்சையும் விளைவிக்கிறார்கள், தைலப்புல் காய்ச்சுகிறார்கள், தேன் எடுக்கிறார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவர்களுக்கு இந்தப் பெயர்கள் பெரும்பாலும் தெரியாது. திருமூர்த்தி அணையும் பஞ்சலிங்க அருவியும் தெரியும், அமணலிங்கேஸ்வரரைத் தெரியும்.

பிரசவ வலி வந்தாலோ பாம்பு கடித்தாலோ இந்தக் குடியிருப்புகள் சிலவற்றிலிருந்து ஆளைத் தொட்டில் கட்டித் தூக்கி மலையிறங்கும் செய்தி வருடம் தவறாமல் நாளிதழில் வருகிறது. சாலை கேட்டு அவர்கள் உடுமலையில் போராடியதும் வருகிறது. செய்தியின் கீழே வரும் பேச்சில் இரண்டு குரல்கள் மாறாமல் இருக்கும். அவர்கள் இயற்கையோடு நிம்மதியாக வாழ்கிறார்கள், சாலை போட்டுக் கெடுக்காதீர்கள் என்பது ஒன்று. அவர்கள் இருந்தால் காடு அழியும், கீழே இறக்குங்கள் என்பது மற்றொன்று. ஒன்று போற்றுகிறது, மற்றொன்று பழிக்கிறது. தொட்டிலில் படுத்திருக்கும் பெண்ணுக்கு இரண்டுமே ஒரே விளைவைத் தருகின்றன. 2006இல் வந்த வன உரிமைச் சட்டம் இந்த இரண்டு குரலுக்கும் பதிலாக எழுதப்பட்டது, காட்டில் குடியிருப்போருக்கு நிலத்திலும் வழியிலும் வனப்பொருளிலும் உரிமை உண்டென்றது. நீதிமன்றத் தடையால் தமிழ்நாட்டில் 2016 வரை பட்டா கொடுப்பது முடங்கிக் கிடந்தது. இடையில் 2007இல் ஆனைமலை புலிகள் காப்பகமாகிவிட்டது.

இந்த மலையின் புலையர்கள் பட்டியல் சாதியில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கக் கேட்டு நெடுங்காலமாக மனு கொடுத்துவருகிறார்கள். அப்படிக் கேட்பவர்களிடம் அதிகாரிகள் எதிர்பார்ப்பது என்ன? 1965இல் லோக்கூர் குழு வகுத்த அளவுகோல்கள் இன்றும் நடப்பில் உள்ளன. ஆதிகாலத் தன்மையின் அடையாளங்கள், தனிப் பண்பாடு, புவியியல் ஒதுக்கம், வெளியாருடன் பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. கூச்சம் ஒரு தகுதியாம். படித்து, ஊரிறங்கி, அதிகாரியின் கண்ணைப் பார்த்துப் பேசினால் அவர் பழங்குடி இல்லை என்ற சந்தேகம் வருகிறது. கர்ட்டிஸ் அழித்த கடிகாரம் நம் அரசாணைகளில் இப்படி இருக்கிறது.

ஆகவே சிலர் அந்தச் சித்திரத்தையே எடுத்து விற்கத் தொடங்கியதில் வியப்பில்லை. மைசூரு மாவட்டம் ஹுன்சூர் பக்கம் பட்சிராஜபுரத்தின் ஹக்கி பிக்கி மக்கள் ‘ஆதிவாசி ஹேர் ஆயில்’ விற்கிறார்கள். முழங்கால்வரை கூந்தலோடு ஆண்களும் பெண்களும் நிற்கும் அந்த விளம்பரம் வராத தமிழ் ஃபோன் இல்லை. நரிக்குறவர்களின் வாக்ரி மொழிக்கு நெருங்கிய மொழியைப் பேசும் வேட்டைச் சமூகம் இது. வேட்டைக்குத் தடை வந்த பிறகு மூலிகையும் எண்ணெயுமாகக் கண்டம் கடந்து போனார்கள். 2023இல் சூடானில் போர் மூண்டபோது அங்கே சிக்கிய இந்தியர்களில் இவர்கள் இருந்தது பலருக்குப் புதுச் செய்தி. எண்ணெய் முடி வளர்க்கிறதா என்பது வேறு விசாரணை. காட்டு மனிதரிடம் ரகசிய மருந்து இருக்கும் என்ற நம் நம்பிக்கையைக் கொண்டே அவர்கள் கடை போடுகிறார்கள். விலையையும் படத்தையும் அவர்களே தீர்மானிக்கிறார்கள், லாபம் அவர்கள் வீட்டுக்குப் போகிறது. திருப்பூரில் அச்சாகும் ‘ட்ரைபல் பிரிண்ட்’ பனியனில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

சமூகத்துக்குள்ளிருந்தே எழுதுபவர்களுக்கும் சிக்கல் உண்டு. சந்தால் எழுத்தாளர் ஹன்ஸ்தா சௌவேந்திர சேகரின் சிறுகதைத் தொகுப்பைச் சந்தால் பெண்களை இழிவாகக் காட்டுகிறது என்று சொல்லி ஜார்க்கண்ட் அரசு 2017இல் தடை செய்தது, சில மாதங்களில் தடை நீங்கியது. அந்த நூலின் தலைப்புக் கதை, விருந்தினர் முன்னால் ஆட மறுக்கும் ஒரு சந்தால் கலைஞரைப் பற்றியது. தடையை நான் ஏற்கவில்லை. தன் மக்களைப் பற்றித் தானே சர்ச்சை செய்யும் உரிமை ஓர் எழுத்தாளருக்கு வேண்டும். அந்த உரிமை பிற சமூகத்து எழுத்தாளர்களுக்கெல்லாம் கேள்வியின்றிக் கிடைத்திருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பேச்சாலோ எழுத்தாலோ கண்ணுக்குத் தெரியும் சித்திரிப்பாலோ பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது பகையும் வெறுப்பும் வளர்ப்பதைக் குற்றமாக்குகிறது. ஐ.நா. 2007இல் நிறைவேற்றிய பூர்வகுடி உரிமைப் பிரகடனத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. கல்வியிலும் ஊடகத்திலும் அம்மக்களின் பண்பாடு கண்ணியத்தோடு இடம்பெற வேண்டும், அவர்களுடைய வடிவமைப்புகள் மீது அவர்களுக்கே உரிமை என்று அது சொல்கிறது. ஆனால் மேடையில் ஏறும் பள்ளிப் பிள்ளையின் இலைப்பாவாடைக்கு எந்தச் சட்டமும் எட்டாது. உடுமலைப் பக்கம் மலைப் பிள்ளைகள் கீழே விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். ஆண்டு விழாவில் கரி பூசிய முகத்தோடு ஈட்டியாட்டம் நடக்கும்போது அவர்களும் அந்த மைதானத்தில் அமர்ந்திருக்கக்கூடும். ஃப்ரைபர்க்கின் ஆய்வு அவர்களைப் பற்றியதும்தான். தலைமையாசிரியர் ஒருவர் அந்த நிகழ்ச்சியை நிறுத்த அரசாணை தேவையில்லை.

பனியன் தொழிலால் செய்ய முடிந்தது இன்னும் தெளிவானது. நீலகிரித் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக இழை எண்ணிக் கையால் தைக்கும் எம்பிராய்டரிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே கோலத்தை அச்சிலும் மெஷினிலும் நகலெடுப்பது சுலபம், ஒரு சால்வைக்கு வாரக்கணக்கில் உழைக்கும் பெண்ணின் விலையை அந்த நகல் ஒரே நாளில் உடைத்துவிடும். தோடர் கோலத்தைத் திருப்பூரில் யாரும் ஸ்கிரீன் ஆக்கக் கூடாது என்பதை ஏற்றுமதியாளர் அமைப்புகளும் பிரிண்டிங் சங்கங்களும் தாமே விதியாக்கலாம். பையரிடமிருந்து டெக் பேக் எனும் வடிவமைப்புக் குறிப்பு வரும்போது, இந்த வடிவம் எந்த மக்களுடையது, அவர்களிடம் அனுமதி வாங்கியிருக்கிறீர்களா என்று ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் எழுத்தில் கேட்கலாம். விடுதிப் பதிவேட்டில் ஹிந்தி என்று பொதுவாக எழுதாமல் சந்தாலி, குடுக், முண்டாரி என்று அவரவர் தாய்மொழியை எழுதி, புகார்ப் பெட்டியின் அறிவிப்பையும் அம்மொழி தெரிந்தவரைக் கொண்டு விளக்கலாம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத ஆலைகளைக் கோடிக்கணக்கில் கடன் வாங்கிக் கட்டிய ஊர் இது. மெர்ச்சண்டைசர் கேட்க வேண்டிய அந்தக் கேள்விக்கு ஒரு மின்னஞ்சலுக்கு மேல் செலவில்லை.